அறுந்ததா, அறுத்ததா

ஏட்டு பேயாண்டி செய்தித்தாள் பொட்டலத்தைப் பட்டறை மேசைமேல் வைத்துப் பிரித்தபோது சுலைமான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். உள்ளே இருந்தது நல்லகாமனுடைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கர பிரேக் கம்பி. மூன்று வாரத்துக்கு முன்னால் அதைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிக் கொடுத்தவர் சுலைமான்தான்.

தெற்கு வெளி வீதியில் சுலைமான் பட்டறை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதிப்பேர் அவரிடம்தான் வந்தார்கள். செக்கானூரணியில் பருத்தி வியாபாரம் பார்த்த நல்லகாமனும் அவர்களில் ஒருவர். நாலு நாளைக்கு முன்னால், நாகமலைக் கணவாய் இறக்கத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. நல்லகாமன் பிரேக்கைப் பிடித்தார். பிடி வெறுமனே மடங்கிக்கொண்டது. வண்டி பள்ளத்தில் பாய்ந்து அவருக்குக் கால் முறிந்தது.

"யாரோ கம்பிய வெட்டிவிட்டுட்டாங்கன்னு பிராது குடுத்திருக்காரு பாய். பங்காளி விருமாண்டி மேலதான் சந்தேகம். கிணத்துத் தண்ணியில ரெண்டு பேருக்கும் வழக்கு. வண்டி விழுந்ததுக்கு மொத நா சாயங்காலம் விருமாண்டி வண்டிகிட்ட நின்னதப் பாத்த ஆளும் இருக்கு. பிடிச்சு உள்ள வச்சிருக்கோம்" என்றார் ஏட்டு. "நீங்க சொல்லுங்க. வெட்டுனதா, தானா அறுந்ததா?"

சுலைமான் கம்பியைக் கையில் எடுக்கவே தயங்கினார். எண்ணெய் விட்ட அன்று கம்பியின் உறையை ஆணியில் தொங்கவிட்டு, மேல்வாயில் காகிதக் கூம்பு செருகி எண்ணெய் ஊற்றினார். முதலில் கறுப்பாக அழுக்கு சொட்டியது, பிறகு தெளிந்த எண்ணெய் இறங்கியது. உள்கம்பியைத் துடைக்கும்போது கைப்பிடிப் பக்கத்து முனையில் விரலில் சுருக்கென்று குத்தியது. பல இழைகள் முறுக்கிய கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தது. உலகச் சண்டைக் காலம், கப்பலில் புதுக் கம்பி வருவதில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டி அனுப்பிவிட்டார். நல்லகாமனிடம் அதைச் சொல்லவுமில்லை.

இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனை சப்பையாக, ஒரே மட்டமாக இருந்தது. குறடு வைத்து நறுக்கிய வாய். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வெட்டுனதுதான்" என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். கம்பி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. வெட்டுவாய் மட்டும் காய்ந்து பளபளத்தது. வெட்டிய பிறகு வண்டி ஓடியிருந்தால் அதிலும் பிசுக்கும் தூசியும் படிந்திருக்குமே.

"இந்த முனையில ஒரு ஈயக் குண்டு இருக்கணுமே ஏட்டையா?"

"குண்டா?"

"கம்பி நழுவாம கைப்பிடிக்குள்ள உக்காந்திருக்கிற குண்டு. அது எங்க?"

"அவரு குடுத்தது இம்புட்டுத்தான்."

முழுக் கம்பியையும் வீட்டிலேயே வெட்டியிருந்தால், கிளம்பின முதல் திருப்பத்திலேயே பிரேக் இல்லை என்று தெரிந்திருக்குமே. கணவாய் வரைக்கும் எப்படி வந்தார்? சுலைமான் அதை வெளியே சொல்லவில்லை. "வண்டியப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் செக்கானூரணிக்குப் போனார். வண்டி மாட்டுக் கொட்டத்தில் சாய்ந்து கிடந்தது. நல்லகாமனின் மனைவி செல்லத்தாய் தூணோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலைமான் கைப்பிடியைப் பிரித்தார். ஈயக் குண்டு உள்ளேயேதான் இருந்தது, அதிலிருந்து தேய்ந்த தூரிகை மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். சில துருவேறிக் கறுத்து, சில புதிதாக. ஒன்றன்பின் ஒன்றாக இற்று, கடைசியில் கணவாயில் மொத்தமும் விட்டிருக்கிறது. அறுந்த மறுமுனையை விழுந்த பிறகு யாரோ குறடால் நறுக்கியிருக்கிறார்கள்.

"என்னத்தத் தேடுறீங்க பாய்?" திண்ணைக் கட்டிலிலிருந்து நல்லகாமன் குரல் கொடுத்தார். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

சுலைமான் கிட்டே போனார். "முனைய நறுக்கிட்டீங்களே அண்ணே."

நல்லகாமன் செல்லத்தாய் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ எண்ணெ போட்டுக் குடுத்து முழுசா ஒரு மாசம் ஆகல. தானா அறுந்துச்சுன்னா எங்காலுக்கு யாரு பதில் சொல்றது? வெட்டுனதுன்னா ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. விருமாண்டி ஒனக்கு மாமனா, மச்சானா?"

சுலைமான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அது சம்மதமா இல்லையா என்று நல்லகாமனுக்குப் புரிந்திருக்காது. சுலைமானுக்கே புரியவில்லை. சாயங்காலத்துக்குள் குண்டு காணாமல் போய்விடும் என்று மட்டும் தோன்றியது. கொட்டத்தில் குனிந்து அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நிமிர்ந்தால் எதிரே செல்லத்தாய்.

அவள் சத்தம் போடவில்லை. பஸ் நிற்கும் புளியமரம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"குறடு நாந்தான் எடுத்துக் குடுத்தேன் பாய். எதுக்குன்னு அப்பத் தெரியல."

உண்மையாகச் சொல்கிறாளா, வாயைக் கிளறிப் பார்க்கப் புருஷன் அனுப்பினானா? சுலைமான், "நான் எதையும் பாக்கலம்மா" என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகும் பையை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட இரண்டு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

ஸ்டேஷனில் ஏட்டின் மேசைமேல் குண்டையும் கம்பியையும் அருகருகே வைத்தார். "குண்டுப் பக்கம் தானா அறுந்தது. கம்பிப் பக்கம் பெறகு நறுக்குனது." மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். "ஒரு இழை போயிருந்தத நான் அப்பவே பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன். அதையும் எழுதிக்குங்க."

பேயாண்டி பேனாவை வைத்தார். "இத எழுதுனா ஒங்க பட்டறைக்கு எவன் வருவான்?"

"எழுதுங்க ஏட்டையா."

மறுநாள் விருமாண்டியை விட்டுவிட்டார்கள். பொய்ப் பிராதுக்கு நல்லகாமனை சப் இன்ஸ்பெக்டர் வீடு தேடிப் போய் வைது, மன்னிப்பு எழுதி வாங்கினார். ஏட்டு சொன்னது பலித்தது. அந்த மாதத்தில் மூன்று பேர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த வண்டிகளில் இழை போன கம்பி இருந்தால், அதைச் சொந்தக்காரர் விரலாலேயே தடவிப் பார்க்க வைத்துவிட்டுத்தான் சுலைமான் எண்ணெய்க் குப்பியைத் தொட்டார்.

ஒரு மத்தியானம் விருமாண்டி பட்டறை வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்ல வந்தவன் முகமாக இல்லை.

"எனக்காக எதுக்குப் பேசுன பாய்? எங்கிட்ட என்ன எதிர்பாக்குற?"

"ஒனக்காகப் பேசல. கம்பி தானா அறுந்துச்சு, அதச் சொன்னேன்."

விருமாண்டி நம்பாமல் உதட்டைப் பிதுக்கினான். பிறகு படியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் வண்டிகிட்ட நின்னது நெசம். டயர்ல ஆணி அடிக்கத்தான் போனேன். செல்லத்தாயி வந்துட்டா. திரும்பிட்டேன்."

சுலைமான் வாசலில் நின்ற வண்டிகளின் டயர்களைப் பார்த்தார். "எந்திரிச்சுப் போ" என்றார். அவன் தெருமுனை தாண்டிப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.