வெறுங்காட்டுக் காவல்

கடலை பிடுங்கி வீடு சேர்ந்த பிறகும் சென்னியப்பன் காட்டுக் காவலை விடவில்லை. பெருமாட்டி கிராமத்தில் காவலுக்குக் கட்டில் தூக்கிப் போகிற ஆண்கள் கடலை பிடுங்கியதும் ஊர் திரும்பிவிடுவார்கள். அவன் மட்டும் காட்டிலிருந்த ஓலைச் சாளையிலேயே படுத்தான்.

"வெறும் மண்ண ஆருப்பா திருடப் போறாங்க?" என்றார் பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன். "ஊட்ல இருக்கறவ தொரத்தி உட்டுட்டாளா?"

சென்னியப்பன் சிரித்துவைத்தான்.

கோயமுத்தூர் டாக்டர் அவன் மனைவி முத்தாத்தாளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் மட்டும் பேசியிருந்தார். சிறுவயதில் மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சல் அவள் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. தண்ணீர் இறைக்கக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. பிள்ளை உண்டானால் உயிருக்கு ஆபத்து; புருஷன் நெருங்கினாலே மூச்சு முட்டலாம்.

முதல் பாதியை அவளிடம் சொன்னான். மறுபாதிக்கு வாய் வரவில்லை. அதையெல்லாம் பெண்டாட்டியிடம் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்.

இன்று மத்தியானம் முத்தாத்தாளே சோற்றுப்போசியோடு வந்தாள். வரப்பில் ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடிப்போய்ப் போசியை வாங்கினான்.

"உன்னைய ஆரு புள்ள கொண்டாரச் சொன்னது?"

சாளைக்குள் வந்து உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"நானு சீக்காளி இல்லீங்க. சோறு சொமக்க முடியுது பாருங்க. ஊட்டுக்கு வாங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மறுபாதியைச் சொன்னான். கூரையில் காற்று ஓலையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"என்னையப் புடிக்காமப் போச்சாக்கும்னு இருந்தனுங்க," என்றாள். பிறகு, "அப்பக் கொழந்தையும் இல்லீங்களா?"

அவன் கட்டிலை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

கட்டிலில் படுத்துப் பார்த்தாள், மூச்சு அடைத்தது. எழுந்தாள். அவன் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, "சாஞ்சுக்க," என்றான்.

சாய்ந்தாள். அவள் நெஞ்சு அவன் முதுகில் அடித்தது. ஓடியது, தடுமாறியது, நின்றதுபோல் இருந்து மறுபடி அடித்தது. அடுத்த அடி வரும்வரை அவனும் மூச்சுவிடவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவளையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

"காவல் முடிஞ்சுதாப்பா?" என்றார் குப்பண்ணன்.

"இல்லீங்ண்ணா," என்றான் சென்னியப்பன்.