ஜெயில் பட்டறை, மூன்று வருடம்

1.

வேலைக்கு மனுப் போடும்போது 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் நீங்கள் எதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்?

இந்தக் கதை அந்தக் கட்டத்திலிருந்துதான் வந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் மணவாளனிடம் ஃபார்ம் நிரப்புகிற வேலை எனக்கு. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இங்கே பேச ஆள் இல்லாததால் எழுத ஆரம்பித்தேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிறைக்கதவு திறந்தபோது வானம்..."

(வானத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். தானியேல் வானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வெல்டிங் ராடைப் பற்றித்தான் பேசினார்.)

வேலை கேட்டு வந்த தானியேலுக்கு நாற்பத்திரண்டு வயது. குடிபோதைச் சண்டையில் ஒருவர் கையை இரும்புக் குழாயால் அடித்து உடைத்துவிட்டு நாலு வருஷம் உள்ளே இருந்தவர். வெல்டிங் அங்கேதான் கற்றார். ஃபார்மை என்னிடம் தராமல் தானே நிரப்பினார். முன் அனுபவம்: ஜெயில் பட்டறை, மூன்று வருடம். விசாரிக்க வேண்டியவர்: சுப்பிரமணி மாஸ்டர், அதே பட்டறை.

இப்படி எழுதிய யாரையும் நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. மணவாளன் பார்த்தால் அவருக்குக் கிடைக்கிற வேலை போச்சு. புது ஃபார்ம் எடுத்து ஆர்.கே.பேட்டையில் ஒரு பட்டறை என்று எழுதித் தருகிறேன் என்றேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு பட்டறை கட்ட எவ்வளவு நேரமாகும்?

"வேணாம் தம்பி," என்றார். "அப்பல்லாம் ராடு புடிக்கும்போது எனுக்குக் கை நடுங்கும். ஆறு மாசம் பின்னால நின்னுக்கினு அந்த மனுசன் என் மணிக்கட்டப் புடிச்சிக்கினாரு. அவுரு பேர மறைச்சிட்டு நான் சோறு துண்ணணுமா?"

3.

மணவாளன் ஃபார்மை இரண்டு தடவை படித்தார். எதற்கு ஜெயில் என்று கேட்டார்; தானியேல் மறைக்காமல் சொன்னார்.

"நீ தொழில் கத்துக்கின, சரி. அந்த ஆளு கை போச்சே, அத்த எந்தக் கட்டத்துல எழுதறது?"

தானியேல் குனிந்தே நின்றார். "இன்னும் கையத் தூக்க முடியலியாம் சார். போயிப் பாத்தேன். கதவத் தொறக்கல."

(இங்கே ஒரு குறிப்பு. கதவைத் திறக்காதவருக்கு இந்தக் கதையில் பெயர்கூட இல்லை. போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு வருஷம் போதுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அவரிடம் மட்டும் கேட்டால் போதாது என்று மறுநாள் தோன்றுகிறது.)

ஃபார்மை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, நாளைக்கு வா என்றார் மணவாளன்.

4.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மணவாளன் ஃபார்மைக் கிழிக்கிறார். இன்னொன்றில் தானியேலின் தோளைத் தட்டிக் கண் கலங்குகிறார். இரண்டும் நான் கட்டிய பட்டறைகள்.

அன்று தானியேல் போகும்போது, உதவ வந்ததற்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பொய் எழுத வந்தவனுக்கு நன்றி. இந்த ஊரில் ஆறு வருஷமாக என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அவருக்குத் திருப்பிச் சொல்ல வாய் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

முடிவு உங்களுடையது. எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை வரைதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மணவாளன் பதினொரு பேருக்குக் கம்பெனிக்குள் போய் வேலை செய்ய ஒரு வருஷ கேட் பாஸ் போட்டார். தானியேலுக்கு ஒரு மாசத்துக்குப் போட்டார். தானியேல் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.