சமையலறைக் கதவு

நாங்கள் குடியிருந்த கம்பெனி வீடு, நிலக்கரிக் குழியிலிருந்து கூப்பிடு தூரம்தான். துணி காயப்போட்டால் கரி, ஜன்னலைத் திறந்தால் கரி. அந்த வீட்டை வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன்.

குழியின் சரிவு நகர்கிறதா என்று கண்காணிப்பது என் வேலை. படிப்படியாக வெட்டிய சரிவில் சின்னச் சின்னக் கண்ணாடிகளை நட்டிருந்தோம். அவற்றைக் குறிபார்த்து அளக்கும் கருவிக்கு அசையாத இடம் வேண்டும். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி, எங்கள் வீட்டுக் கொல்லையில் கான்கிரீட் தூண் ஊன்றிவிட்டுப் போயிருந்தார். காலையில் டீயும் கையுமாகப் போய் அளந்துவிடுவேன். ஊரெல்லாம் அழகு பார்க்கக் கண்ணாடி பார்த்தால் என் பெண்டாட்டி மண் பார்க்கப் பார்க்கிறாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். சரிவின் அடியில் கரி அள்ளும் இயந்திரம் ஓட்டியவர் அவர்தான். அவர் தலைக்கு மேல் நின்ற மண்ணைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன்.

கொல்லைப்பக்கம் திறக்கும் சமையலறைக் கதவு மழைக்காலம் வந்தால் உப்பி இறுகிக்கொள்ளும். அவர் முணுமுணுத்தபடியே இழைப்புளியால் சீவுவார். ஒரு நாள் காலை, அதைத் தோளால் இடித்துத் திறந்தவர், வந்து சீவுகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் அளந்தேன். கண்ணாடி ஒன்றுகூட அசையவில்லை. நிம்மதியாகத் தகவல் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனேன். சாத்த முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நல்ல கோடை. மரம் ஏன் உப்ப வேண்டும்? நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி, மறு மூலையில் மயிரிழைகூட இல்லை. நிலையே கோணியிருந்தது. சரிவோடு சேர்ந்து வீடும் போகிறது, தூணும் போகிறது. ஒரே பஸ்ஸில் போகிறவர்களுக்கு எதிர் சீட்டுக்காரர் நகர்வதா தெரியும்?

ஷிஃப்ட் அதிகாரிக்குப் போன் செய்தேன். எல்லாம் சரி என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றார்.

"அந்த அளவ நம்பாதீங்க சார். தூணே நகருது. கீழ இருக்கறவங்கள உடனே மேல ஏத்துங்க."

"எத வச்சும்மா சொல்றீங்க?"

"எங்க சமையக்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது."

சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். சங்கு ஊதியது.

தெருவையே காலி செய்தோம். எல்லாரும் ஓடிவர, என்னவர் மட்டும் இயந்திரத்தை விட்டு இறங்காமல் ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். மேட்டுச் சாலையில் நின்று அழுதுகொண்டே திட்டினேன். பொழுது சாய்வதற்குள் சரிவு இறங்கியது. கொல்லை, தூண், சமையலறை எல்லாம் போயிற்று. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது சொந்த வீடு கட்டிவிட்டோம். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. சமையலறைக்குக் கதவு மாட்டிய தச்சர், ஒரு பக்கம் லேசாக உரசுகிறது, சீவிவிடட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"வேணாம்ப்பா," என்றேன். "கொஞ்சம் உரசட்டும்."