கிணற்றுக்குப் பத்து மதிப்பெண்

அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தமிழ் இலக்கிய மாணவர்கள் இந்தப் பருவத்திலிருந்து சிறுகதையைப் படிக்க வேண்டியதில்லை. சிறுகதையாக இருந்தால் போதும். புதிய கற்பித்தல் முறை என்று துறைத்தலைவர் கோதண்டபாணி சுற்றறிக்கை விட்டிருந்தார். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி கதையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நாலு பக்கக் கதை, முப்பத்தாறு பேர். எட்டாம் எண்ணோடு மனிதர்கள் தீர்ந்துபோனதால் மற்றவர்களுக்கு மாடு, வாசல், மழை என்று கிடைத்தது. பத்தொன்பதாம் எண் ஜீவிதாவுக்குக் கிணறு.

ஏழாம் எண் மோனிகா அவளுடைய தோழி. இருவரும் பாலக்கோட்டிலிருந்து ஒரே பேருந்தில் வருகிறவர்கள். மோனிகாவுக்குக் கதையில் வரும் வீட்டின் மருமகள் கிடைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் மருமகள் கிணற்றில் குதித்துச் சாகிறாள்.

"உனக்கு வசனமே இல்லடி, கொடுத்து வெச்சவ" என்றாள் மோனிகா. "எனக்குப் பாரு, மாமியார்கிட்ட திட்டு வாங்கியே மூணு பக்கம் போவுது."

மாமியாரான நான்காம் எண் சுபலட்சுமி குறை வைக்கவில்லை. கேன்டீனிலும் வந்து திட்டினாள். மோனிகா டிபன் பாக்ஸைத் திறப்பதை நிறுத்தினாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் வெளியே பார்ப்பதில்லை.

ஜீவிதாவுக்குள் முதல் வாரத்திலேயே ஆறு ஆள் ஆழம் வந்துவிட்டது. சுடிதார் அளவு மாறவில்லை. பேருந்து வளைவுகளில் திரும்பும்போது தண்ணீர் தளும்புவது கேட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவள் வீட்டில் இதற்குமுன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர். தாலுகா அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்து அவளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தார்.

"ஃபெயிலு மட்டும் ஆயிடாத பாப்பா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நான்காம் பக்கம் வெள்ளிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். திங்களன்று ஜீவிதா துறைத்தலைவரைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, கிணறு வத்திப்போயிருந்தா பரவால்லைங்களா?"

"பாடத்துல தண்ணி இருக்கேம்மா."

"கடைசிப் பக்கம் மட்டும் வேணாங்கய்யா."

"அதுக்குத்தானே பத்து மார்க்கு. அந்தப் பொண்ணுக்குப் பத்து, உனக்குப் பத்து. இதை வுட்டுட்டா நீ எங்கேருந்து பாஸ் ஆவ?"

அவர் சொன்னதில் தவறில்லை. அவள் வெளியே வந்து கூட்டிப் பார்த்தாள். பத்து இல்லாமல் முடியாது.

அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். புதன்கிழமை அடிச்சேறு தெரிந்தது. வியாழக்கிழமை, மழையாக இருந்த முப்பத்துமூன்றாம் எண் அகஸ்டின் அவள் பெஞ்சுக்கு வந்தான்.

"கோச்சுக்காத ஜீவிதா. எனக்கும் இன்டர்னல் மார்க்கு வேணும்ல."

சொல்லிவிட்டு இரண்டு வகுப்பு நேரம் பெய்தான். அவள் கழுத்துவரை நிரம்பினாள். மாடாக இருந்த விக்னேஷ் வந்து கொஞ்சம் குடித்துவிட்டுப் போனான். அது போதவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். மோனிகா செருப்பைக் கழற்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"இன்னைக்கு லீவு போட்டிருக்கலாம்ல" என்று ஜீவிதா மெதுவாகக் கேட்டாள்.

"அட்டெண்டன்ஸ் இல்லடி." மோனிகா அவள் வாய்க்குள் குனிந்து பார்த்தாள். "ரொம்ப ஆழமா?"

ஜீவிதாவுக்குப் பொய் வராது. "ஆமா."

"வலிக்குமாடி?"

"தெரியல. பாடத்துல போடல."

வாயை மூடிக்கொண்டால் போதும் என்பது ஜீவிதாவுக்குத் தெரியும். மூட முடியாதபடி ஒன்றும் இல்லை. துறைத்தலைவர் மதிப்பெண் பட்டியலோடு பக்கத்தில் நின்றார். அவள் மூடிக்கொள்ளவில்லை.

மோனிகா குதித்த சத்தம் கதையில் இருக்கும் அளவுக்கே கேட்டது. துறைத்தலைவர் இரண்டு இடத்தில் பத்து என்று எழுதினார். "மதியம் இலக்கணம். லேட்டா வராதீங்க" என்றார்.

மோனிகா வெளியே வருவதாகக் கதையில் இல்லை. அதனால் வரவில்லை. மாலைப் பேருந்தில் ஜீவிதா இரண்டு டிக்கெட் எடுத்தாள். நடத்துனர் கொடுத்தார்.

நவம்பரில் பருவத்தேர்வுக்கு அவளிடம் இரண்டு நுழைவுச்சீட்டுகளைக் கொடுத்து, இரண்டு விடைத்தாள்களையும் ஒரே மேசையில் வைத்தார்கள். மருமகளின் மனநிலையை விளக்குக என்பது பதினெட்டாவது கேள்வி. ஜீவிதாவின் வலது கை கேள்வி எண்ணை எழுதிவிட்டு நின்றது. இடது கை மோனிகாவின் சாய்ந்த கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுதிக்கொண்டே போனது. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அது உயர்ந்து கூடுதல் தாள் கேட்டது. மேற்பார்வையாளர் கொண்டுவந்து வைத்து, பக்க எண் போடச் சொன்னார்.