விருந்தாளித் தட்டு

சவாயி தீவில் நான் நர்ஸாக இருந்தபோது, குழந்தை பெனி ஈர்க்குச்சிக்குத் தம்பி போலிருந்தான். அடுத்த மாதமும் எடை ஏறாவிட்டால் கப்பலேற்றித் தலைநகர் ஆபியாவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே மீன் முதலில் விருந்தாளிக்கு. பிள்ளைகளுக்குக் கடைசியில் வெறும் சேப்பங்கிழங்கு. என் தட்டில் விழுந்த மீன் திமிங்கலத்துக்கு அண்ணன். மறுத்தால் அவர்களுக்கு அவமானம். பெனியை மடியில் வைத்து ஊட்டிவிட்டேன்.

"அது உங்களுக்கு வச்சதும்மா!" என்று அலறினார் குடும்பத் தலைவர் துவாலா.

"விருந்தாளி இஷ்டம், பெரியவரே. நாளைக்கும் வருவேன்."

தினமும் போனேன். அந்த வீட்டு நாய் குரைப்பதையே மறந்துவிட்டது. மாதக் கடைசியில் தராசு முள் எகிறியது.

"கப்பல் வேண்டாம்," என்றேன்.

"அப்பாடா! இனிமே நீங்க வராதீங்க தாயி," என்றார் துவாலா. "இந்தப் பயலே விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்."