சங்கிலிக் குழி

பெரியவர் ஸ்பேனரின் மேல் தன் முழு எடையையும் கொடுத்தார். கார் என்ஜினின் கடைசி போல்ட் முனகிக்கொண்டு இளகியது. தம்பி மனைவி அதை வாங்கி, அட்டையில் அதற்கென்று குத்தி வைத்திருந்த துளையில் செருகினாள். அட்டையிலிருந்த போல்ட்டுகளில் பாதி, தம்பி கழற்றியவை. நேற்றுக் காலை அந்தப் பாதியில்தான் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டையொட்டிய இதே ஷெட்டில் சரிந்தான். இன்று அடக்கம் முடிந்துவிட்டது. வாசலில் போட்ட நாற்காலிகளைக்கூட இன்னும் யாரும் எடுக்கவில்லை.

கார் மருந்துக்கடைக்காரருடையது. போன மாதம் தம்பி என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைப் புதிதாகப் போட்டுக் கொடுத்த வண்டி, நடுரோட்டில் நின்றுபோய்த் திரும்பி வந்திருந்தது. செயின் போட்டதில்தான் கோளாறு என்று அவர் மயானத்திலேயே யாரிடமோ சொன்னது பெரியவர் காதில் விழுந்தது. கையோடு அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். நாளைக்குப் பார்க்கலாமே என்றாள் தம்பி மனைவி.

"பேச்சு இன்னைக்கே கிளம்பிடுச்சும்மா. அவர் கண்ணு முன்னாடியே திறந்துடுவோம்."

டிப்போவில் பஸ் என்ஜின்களைப் பிரித்தே நரைத்தவர் பெரியவர். தம்பி இருந்திருந்தால், அண்ணன் தொட்டால் காரும் லாரியாகிவிடும் என்று சிரித்திருப்பான்.

செயினைப் பல்சக்கரத்திலிருந்து முன்பே விடுவித்தாயிற்று. ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். பிஸ்டன்களின் தலையில் வால்வுகள் மோதிய வடு. செயின் பல்சக்கரத்தில் பல் தாண்டி நழுவியிருக்கிறது. பெரியவர் செயின் இறங்கும் குழிக்குள் டார்ச் அடித்தார். அடியில் ஏதோ சுருண்டு கிடந்தது. குறடு விட்டு இழுத்தார்.

எண்ணெயில் ஊறி நைந்த துணி. நீலப் பூப்போட்டது. வேலை நடக்கும்போது போல்ட் உள்ளே விழாமலிருக்கக் குழியில் துணி அடைப்பார்கள். மூடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்; விட்டால் என்றைக்காவது செயினில் சிக்கி அதைப் பல் தாண்ட வைத்துவிடும்.

தம்பி மனைவி அந்தப் பூவையே பார்த்தாள். அவளுடைய பழைய தலையணை உறை. பெரியவரின் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. மருந்துக்கடைக்காரர் வாசல் கேட் அருகே முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் அவள் மெல்ல. "அவர் பார்க்கல."

வேலை சரியில்லை என்று இந்த வீட்டு வாசலில் இதுவரை யாரும் வந்து நின்றதில்லை. பெரியவர் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, உள்ளங்கையை விரித்தார்.

"உள்ளே இருந்தது. எங்க வீட்டுத் துணி. தம்பி எடுக்க மறந்துட்டான்."

"போனவரை நான் ஒண்ணும் சொல்லலைண்ணே..."

"சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இனிமே யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க, கூட்டாம குறைக்காம. வண்டியைச் சரி பண்ணி நானே ஓட்டிக்கிட்டு வந்து விடுறேன். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

பெரியவர் தம்பி மனைவியின் பக்கம் திரும்பவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, ஒரு முனையைக் குழிக்குள் அடைத்தார். மறுமுனையை, எடுக்க மறக்காதபடி, பம்பரைத் தாண்டித் தரை வரைக்கும் தொங்கவிட்டார். அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், அடுத்த ஸ்பேனரை எடுத்து வந்தாள்.