விடுபட்ட வரி

"அரைப்புள்ளி" என்றாள் அம்மா.

மகள் போட்டாள்.

"அடுத்த வரி. ரெண்டு டேப் உள்ள தள்ளி..." அதற்குள் மூச்சு வாங்கியது.

மகள் மடிக்கணினியை மூடப் போனாள். "போதும்மா. கொஞ்ச நேரம் படு."

"இன்னும் பத்து வரிகூட இல்ல. கையை எடுக்காத."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் விரல்கள் வீங்கிக் கிடந்தன. கம்ப்யூட்டரின் அடியில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற கர்னல் என்ற நிரலில்தான் அவள் இத்தனை வருஷமும் வேலை பார்த்தாள். மகளுக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் அவள் கோர்ட்டில் தட்டச்சர். புரியாததையும் பிசகில்லாமல் அடிப்பதுதான் பிழைப்பு. அதனால் அம்மா சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

"இதுக்கு என்னம்மா இவ்வளவு அவசரம்?"

"லிஃப்ட், பம்புன்னு எதெதுலயோ இருக்கிற சின்ன போர்டு இது. அதோட டைமரைத் தொடங்கி வைக்கிற இடம். முதல்ல மெமரியை வாங்கணும், அப்புறம் க்ளாக்கை ஓட விடணும், கடைசியா நேரம் வந்தா கூப்பிடுன்னு பதிஞ்சு வைக்கணும். இதுல ஒண்ணு சொதப்பினாலும் பழைய கோடு மொத்த மெஷினையும் படுக்க வெச்சிடும். அதெல்லாம் தேவையே இல்ல. வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டு, முடியலன்னு சொல்லிட்டு ஒழுங்கா வெளிய வந்தா போதும். வேற டைமர் இருந்தா அது பாத்துக்கும்."

"வேற யாரும் பண்ண மாட்டாங்களா?"

"பழசை எழுதினதே நான்தான். என் பேர்ல கிடக்கிற குப்பையை ஊரா வந்து கூட்டும்?"

போன் அடித்தது. தம்பி. தூரத்து ஊரிலிருந்து கிடைத்த வண்டியைப் பிடித்து வந்துகொண்டிருந்தான். மகள் போனை அம்மாவின் காதருகே நீட்டினாள்.

"முடிச்சிட்டுப் பேசறேன்னு சொல்லு."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் வழியெல்லாம் தவிச்சுக்கிட்டு வர்றான். ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவ?"

"விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க முடியலடீ. இப்பல்லாம் மறந்து போகுது."

அம்மா அப்புறம் பேசுவாள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மீதியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் அடித்தாள்.

முடித்து அனுப்பியதும், "நாட்டாமை பாக்கட்டும்" என்றாள் அம்மா. யார் எதை அனுப்பினாலும் அலசிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற சக ஊழியருக்கு அவள் வைத்த பெயர் அது. "கடைசி அரைப்புள்ளி போட்டியா?"

"போட்டேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

தம்பி மதியம்தான் வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் விழுந்து அழுதான். ஓய்ந்த பிறகு கேட்டான்: "கடைசியா என்னக்கா சொன்னா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ எங்க வந்துட்டிருக்கன்னு கேட்டா."

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

அம்மாவின் ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எண்கள் மடிக்கணினியில்தான் இருந்தன. திறந்தால், நாட்டாமையின் பதில் வந்து உட்கார்ந்திருந்தது.

"சுத்தமான வேலை. ஒன்றே ஒன்று: கடைசிப் படி தோற்றால் க்ளாக்கை நிறுத்துகிறீர்கள், மெமரியைத் திருப்பித் தரவில்லை. இப்படி விடுகிற ஆள் இல்லையே நீங்கள். உடம்பு எப்படி இருக்கிறது?"

அவள் தேடிப் பார்த்தாள். மேலே, க்ளாக் ஓடாவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில் மெமரியைத் திருப்பித் தரும் வரி இருந்தது. கீழே இல்லை. கீழே உள்ளது போன் வந்த பிறகு அடித்தது. க்ளாக்கை நிறுத்தச் சொன்ன அம்மாவின் குரல் காதில் இருந்தது. அதற்கு அடுத்து? இழுத்து இழுத்து வந்த மூச்சுதான் ஞாபகம் வந்தது. அப்போது அவள் தம்பியை நினைத்துக்கொண்டிருந்தாள், அம்மாவைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள், மனசுக்குள். அம்மா சொல்ல மறந்தாளா, சொன்னது தன் காதில் ஏறவில்லையா? கோர்ட்டில் சாட்சி முணுமுணுத்தாலும் ஒரு சொல் தப்பவிடாதவள் அவள். இனி யாரைக் கேட்பது?

மேலே இருந்த வரியைப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கீழே அடித்தாள்.

"அக்கா, அம்மாவைக் கொண்டுபோக வண்டி வர்ற நேரத்துல என்ன பண்ணிட்டிருக்க?"

"இருடா."

பிறகு எழுதினாள்: "அம்மா இன்று காலை இறந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல அடித்தது அவர் மகளான நான். அவர் சொன்ன வரியைத் தவறவிட்டதும் நான்தான். இப்போது சேர்த்திருக்கிறேன்."

தம்பி தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "நீயா விட்ட?"

"தெரியலடா" என்றாள். அனுப்பினாள்.

அவன் கட்டிலுக்குப் போனான். தலையணை ஓரத்தில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. எடுத்துப் பார்த்தான். ஒரு பக்கம் விரல்ரேகை அப்பியிருந்தது. சட்டை நுனியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தான். வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் உள்ளே வந்தார்கள். கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையில் பிடித்தபடியே அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.